குப்புவின் சிவப்பு அடுப்படி

குப்புவுக்கு சாம்பல் நிறத்தைக் கண்டாலே ஆகாது. சோனாங்குப்பத்தில் அவள் வீட்டு அடுப்படியை இடித்துப் புதுசாகக் கட்ட வந்த டிசைனர், வழவழப்பான கலர் அட்டையை விரித்து, "ஆன்ட்டி, இப்ப எல்லாரும் ஆஷ் கலர்தான் போடுறாங்க, டீசன்ட்டா இருக்கும்" என்றதும் சிரித்துவிட்டாள்.

"சாம்பலா? இத்தினி வருசம் அடுப்புலேர்ந்து அள்ளிக் கொட்டுனது போதாதா தம்பி? காசு குடுத்து வேற வாங்கணுமா?"

அலமாரிக் கதவுக்கு மிளகாய்ச் சிவப்பு, சுவருக்கு மஞ்சள் டைல்ஸ், மேல்பெட்டிக்குப் படகுக்கு அடிக்கிற அதே நீலம் என்று அவளே சொல்லிவிட்டாள். குடிகாடு சிப்காட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மகன் அருள்முருகன் தலையில் கை வைத்தான்.

"யம்மா, சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கும்."

"சர்க்கஸுக்கு டிக்கெட்டு எடுத்துதான்டா உள்ள வரணும். நீ சும்மாதான வர்ற?"

புருஷன் தாண்டவராயன் காமாலையில் போன பிறகு, மீன் கூடையோடு பஸ் ஏறி சிதம்பரம் வண்டிகேட் தெருக்களில் விற்றுத்தான் மகனைப் படிக்க வைத்தாள். கண்டக்டர் அவளைக் கடைசி சீட்டுக்குத் துரத்துவான். முன்சீட்டுப் பெண்கள் மூக்கில் துப்பட்டாவை வைத்துக்கொள்வார்கள். மூக்கைப் பொத்துகிற அதே ஜாதி ஜனம் வாசலில் கூடையை இறக்கச் சொல்லி, "வஞ்சிரம் தலையையும் சேத்துப் போடும்மா" என்று பேரம் பேசும். அதைப் பார்த்துப் பார்த்தே, பிறத்தியார் ரசனை மேல் அவளுக்கு மரியாதை விட்டுப்போனது.

அடுப்படி முடிந்த மாதமே சம்பந்தம் பேச சிதம்பரத்திலிருந்து பெண்ணின் அப்பா சிங்காரமும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வருவதற்கு முன்னால் அருள்முருகன் கெஞ்சினான்.

"அவுங்க வந்துட்டுப் போற வரைக்கும் கதவு மேல வெள்ளை ஸ்டிக்கராவது ஒட்டட்டுமா?"

"ஒட்டு. அப்புறம் பொண்ணு வந்ததும் உரிச்சுக் காட்டுவியா?"

சிங்காரத்தின் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு" என்றாள், வாந்தி வருவதை அடக்குகிற முகத்தோடு. சிங்காரம் சிம்னியை அண்ணாந்து பார்த்தார்.

"மீன் வாடை வீட்டுல தங்காம இருக்கப் போட்டிருக்கீங்க. நல்ல யோசனை."

"இல்லண்ணே. குழம்பு கொதிக்கிறது தெருவுக்கே தெரியட்டும்னு போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் சைவம்தான், பெண்ணுக்குக் கவிச்சி பழக்கமில்லை என்று இழுத்தார். குப்புவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க அப்பா கிள்ளையிலேர்ந்து வந்து நண்டு வித்தவருதான? வண்டிகேட்டுல என் கூடைக்குப் பக்கத்துக் கூடை அவருது. நல்ல மனுசன், எடை குறைக்க மாட்டாரு. அவரு பேத்திக்குக் கவிச்சி ஆகாதா?"

சிங்காரத்தின் முகம் கறுத்தது. டம்ளரில் காப்பி பாதி அப்படியே இருக்க, இருவரும் எழுந்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று போனில் சொன்னார்கள். அருள்முருகன் அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் கலரும் உன் வாயும் சேந்து என் கல்யாணத்தைக் கெடுத்துடுச்சு."

"பெத்த அப்பன மறைக்கிறவன் நாளைக்கு என்னையும் மறைக்கச் சொல்லுவான். நீயும் மறைப்ப. இப்பவே ஸ்டிக்கர் தேடுனவன்தான?"

அவன் எழுந்து தன் அறைக்குப் போனான். பொருந்தாத ஜாதகம் எது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவன் அறைக்கதவு சாத்திய சத்தம் அவளுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது. கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கதவுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் ஜாஸ்திதானோ என்று தோன்றியது.

தோன்றியதோடு சரி. மேல்பெட்டிக்கு அடியில் இருந்த குட்டி விளக்குகளையும் போட்டுவிட்டு, மத்தியானம் வாங்கி வைத்த சங்கரா மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.