பதினொரு பேர் உள்ளே போக, அண்ணன் வெளியே நின்றார்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும், அவருடைய நற்குணங்களோடு எங்கள் குறையையும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அண்ணன் மணிமங்கலத்தில் பிறந்தவர். அப்பா குத்தகை நிலத்தில் பயிரிட்டுத்தான் அவரை ஐ.டி.ஐ. படிக்கவைத்தார். பென்னலூர் அருகே ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அண்ணன் ஃபிட்டராகச் சேர்ந்தார். பின்னர் என் கணவரையும் அங்கே சேர்த்துவிட்டார்.

அங்கிருந்தபோதுதான் ஒரு புரட்சிகர சோசலிச அமைப்பில் இணைந்தார். ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழு அது. ஞாயிறுதோறும் ஒரு தையல்கடையில் கூடித் தொழிலாளர்களுக்குச் சட்டம் சொல்லித் தருவார்கள். கோரிக்கைகளை அவரவர் கையாலேயே எழுதவைப்பார்கள். அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "இது முடியட்டும்மா" என்பார் அண்ணன்.

1991-இல் உருக்கிய இரும்பு தெறித்து ஒரு தொழிலாளிக்குக் கண் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கேட்டு வேலைநிறுத்தத்துக்கு அமைப்பு அழைத்தது. தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பந்தல் எழுந்தது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையோடு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நிர்வாகம் என் கணவர் உட்படப் பதினொரு பேரை வேலையிலிருந்து நீக்கியது.

இரண்டு மாதத்தில் பந்தலில் கூட்டம் குறைந்தது. அப்போது நிர்வாகம் அண்ணனைத் தனியே அழைத்தது. கேட்டதைத் தருகிறோம், பதினொரு பேரையும் சேர்த்துக்கொள்கிறோம், நீங்கள் மட்டும் ராஜினாமா செய்யுங்கள் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார்; பதினொரு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அமைப்பின் செயலாளர் அண்ணனைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

"யாரக் கேட்டு கையெழுத்துப் போட்டீங்க தோழர்? இன்னும் ஒரு வாரம் நின்னிருந்தா உங்களையும் சேத்தே உள்ள அனுப்பியிருப்போமே!"

"ஒரு வாரம்னு நீங்க சொல்றீங்க. வூட்ல அடுப்பெரியாதவன் சொல்லலியே" என்றார் அண்ணன்.

அமைப்பு அவரை நீக்கியது. நிர்வாகத்தோடு சேர்ந்துகொண்டார் என்று வெளியே பேச்சும் கிளம்பியது. உண்மை தெரிந்த நாங்கள் வாய் திறக்கவில்லை.

அண்ணனோடு பழக வேண்டாம் என்று சூப்பர்வைசர் என் கணவரை எச்சரித்திருந்தார். "கொஞ்ச நாளைக்கு மச்சான் இங்க வர வேணாம்னு சொல்லு" என்றார் கணவர். நான்தான் போய்ச் சொன்னேன். அண்ணன், "சரிம்மா. பாப்பாக்கு இருமல் இப்ப எப்டி கீது?" என்று கேட்டார்.

அந்தக் கொஞ்ச நாள் எட்டு ஆண்டுகள் ஆயிற்று. காதுகுத்தின்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய என் மகளை வேறொருவர் மடியில் உட்காரவைத்தோம். அண்ணன் ஒரகடம் அருகே ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்து, அதன் பின்னறையிலேயே தனியாக வசித்தார். தீபாவளியன்று பட்டறை பூட்டியிருக்கும்போதும் அவர் உள்ளேதான் இருப்பார் என்பதைப் பட்டறை முதலாளி சொல்லிப் பின்னரே அறிந்தேன்.

நுரையீரல் நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். "எங்க மேல கோவமாண்ணா?" என்றேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. பேசத்தான் ஆள் இல்ல" என்றார்.

நான்கு நாட்களில் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குச் செயலாளர் செங்கொடியோடு வந்து, தெருவிலேயே தயங்கி நின்றார். என் கணவர்தான் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். எல்லோர் முன்னாலும், "எங்க பதினோரு பேரு வேலைக்காகத்தான் மச்சான் தன் வேலைய வுட்டாரு. பயந்துகினு இத நான் யாராண்டயும் சொல்லல" என்று சொல்லி அழுதார். செயலாளர் கொடியை அண்ணன்மேல் விரித்தார்.

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்து உடனிருந்த பட்டறை முதலாளிக்கும், அவருக்குச் சோறூட்டிய செவிலியருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த தொழிலாளர்களுக்கும், கொடியோடு வந்த செயலாளருக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கும் நன்றி. இதை அவரிடம் ஒருமுறைகூட நாங்கள் சொன்னதில்லை.