பிள்ளை எடுத்தவருக்கு என்ன பெயர்?

போன வாரம் சிநேகிதியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனேன். கட்டிலருகே தாடி வைத்த இளைஞர் ஒருவர் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரோ?"

"இல்லை அன்ரி, என்ர மிட்வைஃப்."

தமிழில் இவரை எப்படிச் சொல்வது? மருத்துவிச்சிக்கு ஆண்பால் மருத்துவன் என்றால் அவர் டாக்டராகிவிடுகிறார். பேறு பார்ப்பவர்...? ஜாதகம் பார்க்கும் சாத்திரியார் போல இருக்கிறது.

இந்தச் சங்கடம் எனக்கு எழுபதுகளிலேயே வந்தது.

ஊரை விட்டு வந்த புதிது; ஹோம்புஷ் என்ற புறநகரில் ஒரு ஃபிளாட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். கணவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் போன் இல்லை. அன்று எங்கோ காடு எரிந்தது. நடுப்பகல் — ஆனால் வானம் புகையில் இருண்டு கிடந்தது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. சூரியன் மட்டும் சிவப்பாக, அணையப்போகிற தணல் போல.

வலி திடீரென்று வந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் காலம் இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் அடுத்த கதவைத் தட்டினேன்.

கழுத்தில் துணி சுற்றிய வயதான வெள்ளைக்காரர் திறந்தார். அதுவரை அவரை நான் கண்டதில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். உள்ளே கூட்டிப்போய், குசினியில் அடுப்போரத் தரையில் கம்பளியை விரித்தார். கை கழுவினார். இனி யாரையும் கூப்பிட நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது.

முக்கத் தொடங்கினேன்.

"பொறு மோனை. இப்ப முக்காதை."

ஆண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

பொறுத்தேன். எப்படிப் பொறுத்தேனோ... அவருடைய விரல்கள் எதையோ மெல்லக் கழற்றின. பிறகு அதே குரல்: "ஓம், இப்ப முக்கு."

மகள் பிறந்தாள்.

கடைக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பி வந்து ஆம்புலன்ஸை அழைத்தார். ஆம்புலன்ஸில் வந்தவரிடம் அந்த மனிதர் விரலால் தன் கழுத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்திருக்கிறது.

"நல்ல வேளை, முக்காமல் நிறுத்தினீர்கள்," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"இவர்தானே நிறுத்தச் சொன்னார்," என்றேன்.

அந்த மனிதரின் மனைவி என்னையே பார்த்தார். "இவரால் பேச முடியாதம்மா. தொண்டையில் ஆபரேஷன். குரலே போய்விட்டது."

"தமிழ்...?"

"தமிழெல்லாம் தெரியாது. ஆட்டுப் பண்ணையில் இருந்தவர். குட்டிகளைத்தான் எடுத்திருக்கிறார்."

கணவரிடம் சொன்னேன். "வலியில உமக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்," என்றார்.

இருக்கலாம். ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று என் வலிக்கு எப்படித் தெரியும்?

"ஆர் பிள்ளை எடுத்தது?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். மருத்துவிச்சி என்றால் சிரித்தார்கள். மருத்துவன் என்றால் பொய். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன் — அது போதவில்லை.

நன்றி சொல்ல ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் நல்ல நித்திரை. அவர் குனிந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

மகள் கண் விழித்தாள். யாரோ கூப்பிட்டது போல அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.