எட்டு வருஷம் போகாத செக்கப்

என் தங்கை ஆக்சிலியா பிறக்கும்போதே உதடு நீலம். நான்கு வயதில் பெங்களூரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகியிருந்ததால் அதை வெட்டி அகலப்படுத்தினார்கள். அங்கிருந்த வால்வும் அதோடு போயிற்று. ரத்தம் திரும்பிக் கசியும், வருஷா வருஷம் எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும், பெரியவளானதும் புது வால்வு தேவைப்படும் என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்கள்.

பதினாறு வயதுவரை அம்மா ஆரோக்கியம்மாள் தவறாமல் கூட்டிப்போனாள். அந்த வருஷம் எங்கள் ஊர் மாரண்டஹள்ளி ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். "எம்மகளுக்கு ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டாருங்க." எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கப்புறம் எப்படி பெங்களூர் பஸ் ஏறுவது? "சுகமாயிடுச்சுன்னீங்க, இன்னும் எதுக்குங்க ஆஸ்பத்திரி?" என்று யாராவது கேட்டுவிட்டால்?

செக்கப்புக்குப் போகலாமென்று ஆக்சிலியா கேட்டுப் பார்த்தாள். அம்மா அழுதாள். நான் மஸ்கட்டுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "அம்மா மனச நோகடிக்காத பாப்பா, நல்லாத்தான இருக்கற" என்று போனில் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை இங்கிலீஷில் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னவனே நான்தான்.

பிறகு அவள் ஓசூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கப் போனாள். மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாள். "என்னா ஆக்சி, தீர்த்தமலையா ஏறுற?" என்பாள் சூப்பர்வைசர் சுகுணா. "ஆமாங்கக்கா, பாதி வந்துட்டேன்." போன ஜூனில் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள்.

இப்போதெல்லாம் நெஞ்சைத் திறக்காமலே வால்வு வைக்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயில் மடக்கிக் கொண்டுபோய் இதயத்துக்குள் விரித்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு. நான் ராப்பகலாகப் படித்து, படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "அப்ப மறுபடி நெஞ்சைக் கிழிக்க மாட்டாங்க இல்லண்ணா?" அதை மட்டும் மூன்று தடவை கேட்டாள். மாட்டார்கள் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

ஸ்கேனைப் பார்த்த பெங்களூர் டாக்டர் முதலில் கேட்டது, "எட்டு வருஷமா எங்கம்மா போயிட்டீங்க?"

அம்மா குனிந்துகொண்டாள்.

"நுரையீரலுக்கு ரத்தம் போற வழி ரொம்ப விரிஞ்சிடுச்சு. எங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய வால்வு வெச்சாலும் அங்க நிக்காது. நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா கால் வழியாவே வெச்சிருப்பேன். இனிமே நெஞ்சைத் திறந்துதான் ஆகணும். தள்ளிப்போடாதீங்க, இதயத்தோட வலது பக்கம் பெருத்துக்கிட்டே போகுது."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாளாம், "இப்ப கூட்டத்துல நான் என்னான்னு சொல்றது?"

ஓசூரில் ஊருக்குப் பஸ் மாறினார்கள். அம்மா புதிதாக ஒரு நேர்த்திக்கடனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஆக்சிலியா சீட்டைவிட்டு எழுந்துவிட்டாள்.

"எடந்தான் இருக்குதே, உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"வேணாங்க."

மாரண்டஹள்ளி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறாள்.

"மூச்சு வாங்குதுடா அவளுக்கு, எம்பக்கத்துல உக்காரவே மாட்டேன்னுட்டா" என்று அம்மா போனில் அழுதாள். ஆக்சிலியாவிடம் கொடுக்கச் சொன்னேன். லீவு கேட்டிருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்றேன்.

"வந்து என்ன பண்ணப் போற? ஆபரேஷனுக்குக் கையெழுத்து நானே போட்டுட்டேன்" என்றாள்.

அண்ணா என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.