ரோலருக்குப் பக்கத்தில் விழுந்த ஸ்ட்ரைக்கர்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபேக்டரியில் எனக்கு பிட்டர் வேலை கிடைத்தது ஸ்பேனர் பிடித்து அல்ல, பந்தைத் தலையால் முட்டி. டயகம டீமுக்கு எதிராக நான் போட்ட கோலைப் பார்த்த, தோட்டத்தை நடத்திய பழைய துரை, மறுநாளே என் பெயரை ஃபேக்டரி சம்பளப் பட்டியலான செக்ரோலில் ஏற்றிவிட்டார். மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் பெரிய பிட்டர் மாரிமுத்து அண்ணன். அவர் கேட்கும் ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுப்பேன், அதையும் பாதி நாள் தப்பாக. ஞாயிற்றுக்கிழமை கோல் போடுவேன். யாருக்கும் குறை இல்லை.

அண்ணன் ஓய்வு பெற்றார், புதுத் துரை வந்தார். இவருக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது. "இனி மெசின் நின்னா நீயே ஓட்டிக் காட்டணும். முடியாட்டி மலைக்குப் புல்லு வெட்டப் போ" என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றவர்கள் ஃபேக்டரிக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் உத்தரவு.

ரஷ்ய விருந்தாளிகள் ஃபேக்டரி பார்க்க வந்த நேரமாகப் பார்த்து, கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் நின்றது. மோட்டார் ஓடுகிறது, ரோலர் அசையவில்லை. வாட்டிய கொழுந்து குவிந்து கிடக்கிறது. துரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விருந்தாளிகளில் ஒருவர் எழுபதை நெருங்கிய ஆறடி மனிதர். அவர்களை வேனில் அழைத்து வந்த கைடு நஸீர் நானா, அவரைப் பெருமையாக அறிமுகம் செய்தார்: சோவியத் காலத்தில் பெரிய ஸ்ட்ரைக்கர், பதிவில் டிராக்டர் ஃபேக்டரி பிட்டர். துரைக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் ஏறியது. கொஞ்சம் பார்த்துக் கொடுக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

ரோலர் பக்கத்தில் குந்தினோம். எனக்குக் கடவுளே நேரில் வந்த மாதிரி இருந்தது, அவர் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிக்கும் வரை.

"தம்பி, இவரு மெசினத் தொட்டதே இல்லையாம். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் ஃபேக்டரிக்குப் போவாராம்" என்று நானா கிசுகிசுத்தார்.

"நானும் அப்படித்தான்னு சொல்லுங்க நானா."

மனுஷன் குலுங்கிச் சிரித்தார். நட்டைத் திருகுவதுபோல் நடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பனியில் பந்தடித்த பையனைக் கோச் ஒருவர் கண்டுபிடித்தது, ஒன்பதாம் நம்பர் ஜெர்சி, போட்ட கோல்கள், கடைசியில் போன முழங்கால். அங்கே ஆட்டக்காரர்கள் பலருக்கு ஏதாவது ஃபேக்டரியில் பெயர் இருக்குமாம். நாடு கலைந்த பிறகு அந்தப் பெயரை நம்பி வேலை கேட்டுப் போனாராம். லேத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம். அப்புறம் சந்தையில் சப்பாத்து விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. வீட்டில் என் மகள் அப்போது கைக்குழந்தை.

துரை ஆபீசிலிருந்து வரும் சத்தம் கேட்டது. ரஷ்யக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுந்தார், இரண்டடி வைத்தார், விழுந்தார்.

பெனல்டி பாக்ஸில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே விழுந்திருக்கிறேன். இந்த மாதிரி பார்த்ததில்லை. யாரும் தொடாமலே உருண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஃபேக்டரியே அதிரும்படி அலறினார். துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் ஜீப்பிலேயே அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

ஜீப் வளைவு திரும்பியதும் நான் அண்ணன் குடியிருந்த கீழ் லயத்து வீட்டுக்கு ஓடினேன். மாரிமுத்து அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "புல்லியோட கீ ஒடிஞ்சிருக்குடா மடையா" என்றார். புல்லியையும் ஷாப்டையும் பிணைக்கும் சின்ன இரும்புத் துண்டு அது. புதிதாக ஒன்றை அராவிச் செருகிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

துரை திரும்பி வந்தபோது ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றேன். தட்டிக் கொடுத்தார். டாக்டரும் பழைய அடி என்று நம்பிவிட்டாராம்.

வேன் புறப்படும்போது ரஷ்யக்காரர், முழங்காலில் கட்டோடு, ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார்.

"ஒரு மேட்சுல ஒரு தடவதான் விழலாமாம் தம்பி" என்றார் நஸீர் நானா. "ரெண்டாவது தடவ விழுந்தா ரெப்ரி திரும்பியும் பாக்க மாட்டானாம்."

இன்று நான்தான் பெரிய பிட்டர். யாரிடம் தொழில் படித்தீர்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால், மாரிமுத்து அண்ணன் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் அன்று சாயங்காலமே என்னை அரமும் கையுமாக அண்ணன் லயத்துக்குத் தொழில் படிக்க அனுப்பியது லேத்தையே தொடாத அந்த மனுஷன். அதற்குப் பிறகு நான் விழுந்ததெல்லாம் கிரவுண்டில் மட்டும்தான்.