ஆத்துப் பாலத்துல ஏறாத சைக்கிளு

பக்கத்து ஊட்டுக்காரி நாத்தனாரு சண்டய அப்பால சொல்றேன், அது எங்க ஓடிடப் போவுது. நீ இப்பிடி ஒக்காரு. காலையில எங்க ஊட்ல நடந்த கூத்த கேளு.

எம் பேத்தி காலேஜிக்கு கியரு வச்ச சைக்கிள்ல போறா இல்ல, அதுக்குப் புது செயினு வாங்கி மாட்னா. மாட்டி ஏறி மிதிச்சா, கடக்கு கடக்குனு வழுக்குது. "புது செயினுதானேடி, கடக்காரன் ஏமாத்திட்டானா"ன்னேன்.

"இல்ல ஆயா, பழசு நீண்டு போனப்பவே மாத்தியிருக்கணும், நான்தான் உட்டுட்டேன். அது பின்னாடி கீற பல்லயெல்லாம் தின்னுடிச்சி. தேஞ்ச பல்லுல புது செயினு ஒக்காராது. இப்போ ரெண்டயும் மாத்தணும்"னா. சொல்லிகினே அந்த பல்லுச் சக்கரத்த கழட்டி என் கைல குடுத்தா. கேசட்டுன்னு பேராம். தடவிப் பாத்தா, பல்லு ஒவ்வொண்ணும் கொக்கி மாதிரி வளஞ்சி கீது. எனக்கு சிரிப்பு தாங்கல. ஆயாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு அவ பயந்தே பூட்டா.

எதுக்கு சிரிச்சேன்னு கேளு.

எனக்கு அப்போ ஏழெட்டு வயசு. எங்கம்மா பிரசவத்துக்கு களம்பூர்ல கீற தாய்வீட்டுக்குப் போயிருந்தா. தம்பி பொறந்துட்டான்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சி. தம்பி கெடக்கறான், எனக்கு அம்மாவப் பாக்கணும். எங்கப்பா பட்டு நெய்யறவரு. அமாவாசைக்குதான் தறி நிக்கும், அன்னிக்குதான் போவ முடியும். உட்டா அடுத்த அமாவாசதான்.

அவராண்ட ஒரு சைக்கிளு. செயினு தொங்கனா, தறியில பாவு நூலு தொங்கனா இழுத்து கட்டுவாங்களே, அந்த மாதிரி பின்சக்கரத்த இழுத்து இழுத்து முடுக்குவாரு. கடசில இழுக்க எடமே இல்ல, புது செயினு மாட்னாரு. கடக்காரரு, "பின்னாடி பல்லயும் மாத்திடுங்க, தேஞ்சிடுச்சி"ன்னாரு. "ஒரு பல்லுகூட ஒடயலயே, அத ஏன் மாத்தணும்"னு எங்கப்பா வந்துட்டாரு.

அமாவாச அன்னிக்கு ரிப்பன்லாம் கட்டிகினு கேரியர்ல ஒக்காந்தேன். தெருவுல நல்லாதான் ஓடுச்சி. ஆத்துப் பாலத்து ஏத்தம் வந்துச்சி பாரு, கடக்குனு வழுக்கி எங்கப்பா காலு தொங்கிடுச்சி. நான் எறங்கினேன். அவரு மட்டும் மெதுவா மிதிக்கறாரு, ஓடுது. நான் ஏறினேன், கடக்கு. எறங்கினேன், ஓடுது. "ராத்திரி எத்தினி உருண்ட களிம்மா தின்ன, சைக்கிளு உன்ன தூக்க மாட்டேங்குதே"ன்னு சிரிச்சாரு. வெளாட்டுக்கு சொன்னாரு, நான் நம்பிட்டேன். என்ன ஊட்டுக்கு கொண்டாந்து, அவர பெத்த எங்க ஆயாவாண்ட உட்டுட்டு, வண்டிய தள்ளிகினும் ஓட்டிகினும் தனியாப் பூட்டாரு. நான் வாசல்லயே அழுது தூங்கிட்டேன்.

அன்னிலேந்து எனக்கு அர வயிறுதான். தட்டுல போடற இட்லில பாதிய பாவாடையில மறச்சிகினு போயி கோழிக்குப் போட்டுடுவேன். கோழி கொழுத்துச்சி, நான் இளச்சேன். எங்க ஆயாவுக்கு பேஜாரா பூடுச்சி. பொண்ணு எதையோ பாத்து பயந்துட்டான்னு தர்காவுக்கு இட்டுகினு போயி, மந்திரிச்சி கயிறு கட்னா. பாவம், அந்த காலத்து மனுஷி.

நடுவுல எங்கப்பா அந்த பல்ல மாத்திட்டாரு போல. யாராண்டயும் மூச்சு உடல. கடக்காரன் சொன்னதுதான் சரின்னு ஊட்ல வந்து எந்த ஆம்பளம்மா சொல்லுவான்.

அடுத்த அமாவாச வந்துச்சி. பாலத்தாண்ட கண்ண மூடிகினு, வயித்த எக்கிகினு ஒக்காந்தேன். வழுக்கவே இல்ல, சர்ருனு ஏறிடுச்சி. எனக்கு வந்த பெருமய கேக்காத.

களம்பூர்ல எங்கம்மா என்னப் பாத்தா. தம்பிய அவளோட அம்மா கைல குடுத்துட்டு என்ன இழுத்து மடியில போட்டுகினா. முதுவ தடவறா, எலும்பு எலும்பா கைல தட்டுது. "என்ன நெனச்சி ஏங்கியாடி இப்பிடி ஆயிட்ட"ன்னு அழுவறா. வெயிட்டு கொறஞ்சதுக்கு இவ எதுக்கு அழுவறான்னு கீது எனக்கு. "அழுவாதம்மா. நான் சோறு கம்மியா துன்றேன், இனிமே சைக்கிளு என்ன தூக்கும்"னேன்.

எங்கப்பா எழுந்து வெளிய பூட்டாரு. எட்டிப் பாத்தா, சைக்கிளாண்ட குந்திகினு பெடல கையாலயே சுத்திகினு கீறாரு. நல்லா ஓடற வண்டிய எதுக்கு இப்பிடி பாத்துகினு கீறாரு, கண்ண எதுக்கு தொடச்சிகினு கீறாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான்தான வண்டிய சரி பண்ணேன், ஒரு வார்த்த சொல்லலயேன்னு அவரு மேல கோவம் வேற. இத்தினி வருசம் கழிச்சி, காலையில அந்த கொக்கிப் பல்ல தடவறப்போதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சி.

தோ, கொழாயில தண்ணி வந்துடுச்சி. ஜல்தி எழுந்திரு, அந்த கொடத்த இப்பிடித் தள்ளு.