மேட்டைப் பிடித்த கொடி

மம்பாவில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து நேரே என் சமையலறைக்குள் வந்துவிடும். வேலை முடிந்து வந்து சேறு வாரி வாரி எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. சிமெண்ட் பூசிவிடலாம் என்றார் கணவர். பச்சைதான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

கைப்பேசியில் பார்த்துக் குளோவர் என்ற குளிர்நாட்டுச் செடியின் விதையை வாங்கித் தூவினேன். முளைத்தது, நம்மூர் வெயிலில் கருகியும் போயிற்று. கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்றுப் பண்ணையில் விசாரித்து, குளோவர் மாதிரியே தரையோடு படரும் கடலைக் கொடியை வாங்கி நட்டேன். மேடு முழுக்கப் பச்சை, நடுநடுவே மஞ்சள் பூ. போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்து வந்து காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்போதுதான் அம்மா கெமாஸிலிருந்து வந்து தங்கினார். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் கூலிக்குப் புல் பிடுங்கியவர். ஒரு புல் நின்றாலும் வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் ஏசுவார் என்பதால், அவருக்குச் சுத்தம் என்றாலே வெறும் மண்தான். நான் வேலைக்குப் போயிருந்தபோது, மகளுக்கு ஏது நேரம் என்று இரக்கப்பட்டு, பாதி மேட்டைப் பிடுங்கிப் பெருக்கியும் வைத்துவிட்டார். மீதி நாளைக்கு என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அது புல் இல்லை, மண்ணைப் பிடிக்க நானே நட்டது என்றேன். அம்மா கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, குவியலிலிருந்து வேரோடு இருந்த கொடிகளைப் பொறுக்கினார். இருட்டும்வரை இருவரும் நட்டோம். மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். ஊருக்குத் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை.

கொடி மறுபடி படர்ந்த பிறகு பேய்மழை ஒன்று பிடித்துக்கொண்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் தெளிவாகக் கால்வாயில் ஓடியது. ஒரு பிடி மண்கூட உள்ளே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆயுசு முழுக்க இந்தக் கை புடுங்கித்தான் போட்டிருக்கு," என்றார் அம்மா. "நடச் சொல்லி யாரும் சொன்னதில்ல லா."

மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் மேட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக யார் வளர்த்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"நாந்தான் நட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.