பெட்டிக்குள் வெந்த சோறு

தறியில் உட்கார்ந்துவிட்ட வீரபாகுவை எழுப்ப வேண்டுமென்றால் ஏகாம்பரநாதர் தேரே அவன் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். அப்போதும், "இந்தப் பூ முடியட்டும்பா" என்றுதான் சொல்வான். சேலையில் பூ விழுந்துகொண்டிருக்கும்போது எழுந்து போய்த் திரும்பி வந்தால், பலகையை அடிக்கிற கையின் வேகம் மாறிவிடும். கை மாறினால் பட்டில் ஒரு கோடு விழும். நல்ல நெசவாளிக்கு அது தன் முகத்தில் விழுந்த கோடு.

அவன் மனைவி துர்காதேவி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும் சமையல் அவன் தலையில் விழுந்தது. விடியுமுன் பஸ் ஏறினால் அவள் திரும்ப மதியம் மூன்று மணியாகும். அவன் அரிசியை அடுப்பில் ஏற்றுவான், தறிக்குழியில் காலை விடுவான், அவ்வளவுதான், உலகம் மறந்துவிடும், சோறு கருகிவிடும். அந்தக் கருகல் வாசனை பிள்ளையார்பாளையம் தாண்டி ஓரிக்கைக்குப் போய், பாலாற்றங்கரையில் மேய்ந்த மாடுகளெல்லாம் தங்களுக்குத்தான் விருந்து என்று வரிசையாகக் கிளம்பி வந்ததாகச் சொல்வார்கள். அத்தனையும் வந்ததோ இல்லையோ, எதிர்வீட்டு மாடு தவறாமல் வந்தது.

சோறு மாட்டுக்குப் போன நாளெல்லாம் கடையிலிருந்து பொட்டலம் வரும். அந்த மசாலா துர்காதேவிக்கு ஆகாது. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். வீரபாகுவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

ஒருநாள் படுத்தபடியே சொன்னாள்: "சோத்தைக் கருக்கி மாட்டுக்குப் போடறோம். கேஸும் தண்டமா போவுது. கடையில வாங்கித் துண்ணுட்டு கவரைக் காவாயில போடறோம். டாக்டரு இன்னா சொன்னாரு? நேரத்துக்கு, சூடா, கொழைவா வூட்டுச் சோறு. அது முடியலன்னா நான் வேலையை வுட்டுடறேங்க. கம்பெனில லைன் லீடரா ஒசத்திப் போடறேன்றாங்க. திங்கக்கெழம பதில் சொல்லணும்."

லைன் லீடர் என்ற சொல்லை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்பது அவன் காதிலேயே நின்றது.

வழி ஒரு டீ டம்ளரில் கிடைத்தது. தறிக்குப் பக்கத்தில் தட்டுப்போட்டு மூடி வைத்திருந்த டீயின்மேல் பட்டுக் கழிவுக் குவியல் சரிந்துவிட்டது. அவனும் மறந்துவிட்டான். காலையில் மறந்த டீ மறுநாள் நாக்கைச் சுட்டது என்பது அவன் கணக்கு. நாம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பட்டுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரிகிறது!

துர்காதேவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மரப்பெட்டியைக் காலி செய்தான். பழைய வேட்டியில் பைகள் தைத்து, பட்டுக் கழிவைத் திணித்து, அடியிலும் சுற்றிலும் மெத்தைபோல் வைத்தான். சோறு ஒரு கொதி நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மூடிய பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே ஒரு பையை அமுக்கிப் பெட்டியைச் சாத்திவிட்டால் மீதி வேகிறது தானாக நடக்கும். கருகாது. அவன் பூவும் முடியும். ஒரே கட்டளை, நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. முதலில் சொம்பளவு சோறு வைத்துப் பழகினான். வேகாமல் போனதைக் கொட்டாமல் அரைத்துத் தோசை வார்த்துத் தானே தின்றான். தெருவே சிரிக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும்.

சொல்லாததுதான் வினை. "வீரபாகு பெட்டிகிட்ட ஆளை வுடமாட்டேன்றான்" என்று தெருவில் கிளம்பிய பேச்சு, தெருமுனையில் சரிகையாகி, திருப்புட்குழிக்குப் போய்ச் சேரும்போது புதையலாகிவிட்டது. அங்கேதான் அவன் அக்கா தில்லையம்மாள் இருந்தாள். சனிக்கிழமை மதியம் பையோடு வந்து இறங்கினாள்.

அன்றுதான் துர்காதேவிக்காக முதல்முறை பெட்டியில் பருப்பும் சுரைக்காயும் போட்ட சோறு வெந்துகொண்டிருந்தது. வீரபாகு தறியில், பாதிப் பூ விழுந்திருந்தது.

"டேய், பெட்டியில இன்னாடா வெச்சிருக்கற?"

"சோறுக்கா."

"சோத்தை எவன்டா பெட்டியில வெப்பான்?"

"மூடி வெச்சாதான் வேவும். தொறக்காதக்கா!"

"அடுப்பில்லாம வேவுதா? காமாட்சியம்மனே வந்து ஆக்கிப் போடறாளா?"

திறந்தாள். மேலே அமுக்கியிருந்த பட்டுக் கழிவுப் பையை எடுத்து வீசினாள். பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது. அதோடு விட்டாளா? அடியில் ஏதாவது புதைந்திருக்கிறதா என்று கரண்டியைப் போட்டுத் துழாவினாள். இருந்த சூடெல்லாம் போயிற்று. அரிசி நடுவில் இன்னும் விறைப்பாக இருந்தது.

வீரபாகு பூவைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்துவிட்டான்.

தில்லையம்மாள் கரண்டியோடு நின்றாள். "டேய்... பூ முடியலியேடா."

"துர்காவுக்கு வயிறு எரியுதுக்கா. அவ பசியோட வருவா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் பாத்திரத்தைத் திரும்பக் கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் இறக்கினான். தில்லையம்மாள் பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

துர்காதேவி வந்தபோதும் இறங்கவில்லை.

"எங்கம்மா குடுத்த பெட்டி அண்ணி அது."

"இருக்கட்டும். உள்ள இருக்கறது என் தம்பி ஆக்கன சோறு. இன்னும் கொஞ்சம் வேவணும். போயி மூஞ்சி கழுவிக்கினு வா."

பெட்டியைத் திறந்தபோது சோறு குழைந்து, ஒரு பருக்கைகூடத் தீயாமல், வெண்ணெய்போல் இருந்தது. துர்காதேவி ஒரு வாய் வைத்தாள். அடுத்தடுத்து அள்ளிப் போட்டுக்கொண்டாள். பாதியில் நிறுத்தி, உதட்டிலிருந்து ஒரு சிவப்பு இழையை எடுத்துப் பார்த்தாள்.

"சோத்துல முடி கெடந்தா திட்டலாம். பட்டு கெடந்தா இன்னா சொல்றது?"

"எரியுதா?" என்றான் வீரபாகு.

"இல்ல. இன்னும் கொஞ்சம் போடுங்க." கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டாள்: "திங்கக்கெழம சரின்னு சொல்லிடறேன்."

அவன் பாத்திரத்தை வழித்தான். மிஞ்சக் கூடாதென்று இரண்டு பேருக்குச் சரியாக அளந்து போட்ட அரிசி அது; கரண்டியில் ஒன்றுமில்லை.

"ரொம்ப நல்லா இருக்குதுடா உன் சமையலு," என்றாள் தில்லையம்மாள். "மாட்டுக்கும் இல்ல, கூடப்பொறந்தவளுக்கும் இல்ல."

துர்காதேவி சிரித்துக்கொண்டே தன் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். வீரபாகு இன்னொரு பிடி அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினான். தறியில் பாதிப் பூ காத்துக்கிடந்தது. அங்கே ஒரு கோடு விழத்தான் போகிறது. அவன் திரும்பிப் பார்க்காமல் கொதி வருகிற வரைக்கும் அடுப்பண்டையே நின்றான்.